மரத்துக்காரன்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

தூங்குமூஞ்சி மரத்துக் காக்கை ஒருநாள் சட்டம் போட்டது. "கா என்று பேசுகிறவன்தான் இந்த மரத்துக்காரன். மற்றவர்கள் இறங்கலாம்."

மைனாவும் அணிலும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, காக்கைக் கூட்டிலிருந்த குஞ்சு முதன்முதலாகப் பேசியது. "கூ."

அணில் மூட்டையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தது.

"என்னண்ணே, தம்பியும் எங்களோட இறங்குறானா?" என்றது அணில்.

குஞ்சு வாயைப் பிளந்தபடி மறுபடியும் "கூ" என்றது. காக்கை அவசரமாக அதன் வாயில் ஒரு புழுவை வைத்தது.

"பசிக்குதுங்கிறான். இதுகூடவா புரியலை? இவன் இந்த மரத்துப் பிள்ளை."

"அப்ப நாங்க?" என்றது மைனா.

காக்கை வெகுநேரம் அலகைக் கிளையில் தீட்டியது.

"மூட்டையை அவிழுங்க. நீங்க பேசுறதும் எனக்குப் புரியத்தான் செய்யுது."

குயில் வந்து முட்டையிட்டுப் போனது காக்கைக்கு இன்றுவரை தெரியாது. நான் சொன்னதாக யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.