வலது பக்கத்திலிருந்து படிக்கவும்

"லிங்க்கைத் தொட்டு ஏமாந்தவங்க எழுந்து நில்லுங்க" என்றார் நசுருதீன்.

செஞ்சியில் ஒரு பள்ளியின் பெற்றோர் கூட்டம். கம்ப்யூட்டர் வாத்தியாரான அவர், போலி இணைய முகவரிகளைப் பற்றி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

யாரும் எழவில்லை.

"ரோஷன் பீ, ஊருக்கே தெரியும். வெக்கப்படாம எழுந்திருங்க."

பிளவுஸ் தைத்துப் பிழைக்கும் ரோஷன் பீ மெல்ல எழுந்தாள். பக்கத்தில் மகள் மாஹிரா பல்லைக் கடித்தாள்.

போன வாரம் 'இலவசத் தையல் மெஷின்' என்று வந்த லிங்க்கை ரோஷன் பீ தொட்டாள். கேட்ட ஓ.டி.பி. நம்பரையெல்லாம் கொடுத்தாள். மறுநாளே அவள் வாட்ஸ்அப்பிலிருந்து வாடிக்கைக்காரர்கள் எல்லாருக்கும் ஆபாசப் படம் போனது. பாதிப் பேர் தைக்கக் கொடுத்த துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

நசுருதீன் அந்த முகவரியைப் பலகையில் எழுதினார்.

https://gov.in.thaiyal-ilavasam.xyz/form

"முதல்ல https. இது இன்னா?"

"பூட்டுப் படம் வரும் சார், பத்திரம்னு அர்த்தம்" என்றார் ஒருவர்.

"பூட்டு இருந்தா நல்லவனா? திருடனுந்தான் வீட்டைப் பூட்டிட்டுப் போறான்."

சிரிப்பு.

"அடுத்து gov.in. இதைப் பாத்துட்டு அரசாங்கம்னு நம்பிட்டாங்க இந்த அம்மா. அது சும்மா முன்னாடி ஒட்டின பேரு. கடைசியில form-க்கு முன்னாடி ஒத்தைச் சாய்கோடு இருக்குதா? அதுக்கு இடது பக்கம் ஒட்டினாப்ல இருக்கிற ரெண்டு துண்டுதான் ஓனர். thaiyal-ilavasam, xyz. இதைப் பிரிச்சுப் பாக்க ஒரு நிமிஷம் ஆவுமா? மூளைன்னு ஒண்ணு இருந்தா போதும்."

மறுபடி சிரிப்பு. முன்வரிசையில் அவர் மகள் ரூபினா பெருமையோடு அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமேலாவது படிச்சுட்டுத் தொடுவீங்களா?"

"சரிங்க சார்" என்று ரோஷன் பீ உட்கார்ந்தாள்.

கைதட்டல். தலைமையாசிரியர் நசுருதீனுக்குப் பொன்னாடை போர்த்தினார்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது மாஹிரா பொருமினாள். "இன்னாம்மா நீ, அவ்ளோ பேசறாரு, வாயே தொறக்கல?"

"விடுடி. எதிர்ல அவரு பொண்ணு உக்காந்திருந்துச்சி. என் தலை குனிஞ்சது போதாதா, அதுவும் குனியணுமா?"

"அதுக்காக? 'நானே செக் பண்ணிட்டேன், நம்பித் தொடுங்க'ன்னு அந்த லிங்க்கை உனக்கு அனுப்பினதே அந்த சார்தானேம்மா."