முகட்டில் மாட்டிய ஃபெர்கல்

"கீழ பாக்காதப்பா. என் பூட்ஸை மட்டும் பாரு. நான் கால் வச்ச இடத்துலயே நீயும் வை" என்றாள் ஃபினோலா.

அயர்லாந்தின் கெர்ரி மலையில், பாறை முகட்டை மேகம் மூடியிருந்தது. இரு பக்கமும் பள்ளம். ஊர்க் கசாப்புக்கடை ஃபெர்கல், குதிரைமேல் உட்கார்ந்தவனைப் போலப் பாறையைக் கவ்விக்கொண்டிருந்தான்.

"முடியாதுக்கா. மாதாவே, காப்பாத்து!"

"மாதா டீ குடிக்கப் போயிருக்கா. இப்ப நான்தான் இருக்கேன். நகரு."

"கால் நடுங்குதுக்கா."

"தினமும் ஆட்டுக்கால வெட்டுற. உன் கால நகர்த்த முடியலையா?"

பிளாஸ்கில் மிச்சமிருந்த டீயைக் கொடுத்தாள். கெஞ்சினாள், திட்டினாள். பின்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்தே அவன் முகட்டைக் கடந்தான். கால்சட்டை கிழிந்துபோனது.

மேகத்துக்குக் கீழே வந்ததும், அடிவாரத்தில் ஊர்க்கூட்டம் நிற்பது தெரிந்தது. ஃபெர்கல் அவசரமாகத் தன் சிவப்புச் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டான். அதன் முதுகில் 'மலை மீட்புக் குழு' என்று எழுதியிருந்தது.

"உங்கள காணோம்னு உங்க வீட்டுக்காரர்தான் எங்களுக்குப் போன் பண்ணாரு."

"சாப்பாட்டக் காணோம்னு பண்ணியிருப்பாரு. மேகம் கலையட்டும்னு நான் பாட்டுக்கு உட்கார்ந்து டீ குடிச்சிட்டிருந்தேன். நீ வந்து மாட்டிக்கிட்ட!"

"இதுதான்க்கா நான் தனியா வந்த முதல் மீட்பு. வெளிய தெரிஞ்சா, பப்புல என்னை உரிச்சுத் தொங்க விட்டுருவாங்க."

ஃபினோலா கீழே நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு அவன் தோளில் கையைப் போட்டுச் சாய்ந்துகொண்டாள்.

"ஞாயித்துக்கிழமைக்கு ஒரு முழு ஆட்டுத்தொடை. சரி, நான் எந்தக் கால நொண்டணும்?"