முன்வாசல்

அடையாள அட்டையை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார் கணக்கு அதிகாரி. அலுவலக வாசலில் புதுக் காவலாளி மறித்தார்.

"டெலிவரியா? பின்வாசல் வழியா போப்பா."

"நான் இங்கதாங்க வேலை பார்க்குறேன்."

அதற்குள் ஒரு வெள்ளைத்தோல் மேலாளர் அட்டையில்லாமலே உள்ளே போனார். காவலாளி சல்யூட் அடித்தார்.

"அவரை மட்டும் எப்படி விட்டீங்க? தோலைப் பார்த்தா?"

காவலாளிக்குச் சுருக்கென்றது. "வாய்க்கு வந்ததைப் பேசாதே. மேல போஸ்டரைப் பாரு. 'இங்கே நிறம் பார்ப்பதில்லை'ன்னு எவ்வளவு பெருசா போட்டிருக்கு!"

"அதுல சிரிச்சுக்கிட்டு நிக்கிற ஆளோட மூஞ்சியைப் பார்த்தீங்களா?"

காவலாளி போஸ்டரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்களா? சந்தேகமா இருக்கே... எங்கே, அதே மாதிரி கொஞ்சம் சிரிங்க சார், பார்ப்போம்."