பத்தாவது ஆள்

வாசலில் நின்ற பையனின் கையில் மேஜர் பாடம் மாற்றும் படிவம் இருந்தது. நான்காக மடித்திருந்தான். தலைப்பு மட்டும் வெளியே தெரிந்தது.

குரியச்சன் சார் மேசையில் கிடந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். படிவமேதான். தன் சமூகவியல் துறையைத் தேடி அப்படி ஒருவன் வந்து அவர் கண்டதில்லை.

"உள்ள வா மோனே, உக்காரு," என்றார். குரலில் பாசம் கொஞ்சம் கூடிவிட்டது அவருக்கே தெரிந்தது.

முதல் வருடம் முடிந்ததும் மாணவர்கள் மேஜரை மாற்றிக்கொள்ளலாம். அதற்கு இன்று மாலை நான்கு மணி கடைசி. பத்துப் பேருக்குக் குறைந்தால் அந்த மேஜரையே மூடிவிடுவதாகப் பிரின்சிபல் சொல்லியிருந்தார். சமூகவியலில் சரியாகப் பத்துப் பேர். ஒருவன் போனாலும் குரியச்சன் சார் மாற்றலாகிக் காசர்கோட்டுக் கல்லூரிக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

காலையில் எகனாமிக்ஸ் துறைத் தலைவர் பீதாம்பரன் சார் வராந்தாவில் வழிமறித்தார். "உங்க ஆளு ஒருத்தன் இன்னிக்கு எங்கிட்ட வர்றான் குரியச்சா. காசர்கோட்ல கடல் அழகா இருக்குமாம்," என்று சொல்லிவிட்டுப் போனார். யார் என்று சொல்லவில்லை. 

இப்போது கடவுளாகப் பார்த்து ஒருவனை அனுப்பியிருக்கிறார். இவன் வந்துவிட்டால், போகிறவன் தாராளமாகப் போகட்டும்.

அட்டெண்டர் சுலோசனா சேச்சியைக் கூப்பிட்டு, பால் விடாத கட்டன் சாயா இரண்டும், வாழைப்பழத்தைப் பொரித்த பழம்பொரியும் வாங்கிவரச் சொன்னார். சேச்சி பையனைப் பார்த்தாள். சாரைப் பார்த்தாள். தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

பையன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "சார், ஒரு கையெழுத்து..." என்று ஆரம்பித்தான்.

"கையெழுத்து எங்கயும் ஓடிப்போகாது. மொதல்ல சாப்பிடு."

சார் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எட்டுக் கட்டங்கள் போட்டார். ஒரு கட்டம் ஒரு செமஸ்டர். குடும்பம், சாதி, சந்தை என்று நிரப்பிக்கொண்டே போனார். நான்காவது கட்டத்தில் கள ஆய்வு என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் வயநாடு என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தார். மைனர் பாடமாக எகனாமிக்ஸை வைத்துக்கொள்ளலாம் என்றார். பீதாம்பரன் சாரின் புள்ளிவிவரமும் கிடைக்கும், அவர் முகத்தை வாரம் இரண்டு நாள் மட்டும் பார்த்தால் போதும். வருகைப்பதிவு விஷயத்தில் தான் பரம சாது என்றும் சொல்லிவைத்தார்.

படித்தால் வேலை கிடைக்குமா என்று வீட்டில் கேட்கிறார்கள் என்றான் பையன்.

பஞ்சாயத்து, பத்திரிகை, சர்வே ஆபீஸ் என்று சார் விரல் விட்டு எண்ணினார். விரல் மிச்சமிருந்ததால் கப்பல் கம்பெனியையும் சேர்த்துக்கொண்டார்.

பையன் மூன்றாவது பழம்பொரியை முடித்தான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மணி மூன்றே முக்கால்.

"பீதாம்பரன் சார் எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவாரு சார். உங்களுக்கு உங்க பசங்க பேரு தெரியுமா?"

அடி சரியான இடத்தில் விழுந்தது. எதிரே முகங்கள் தெளிவாகத் தெரிந்தால் குரியச்சன் சாருக்குப் பேச்சு வராது. அதனால் இருபத்திரண்டு வருடமாகக் கண்ணாடியை இந்த மேசையிலேயே வைத்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறார். வருகைப்பதிவும் வெறும் நம்பர்தான். ஒன்று என்பார். மங்கலான ஏதோ ஒன்று 'எஸ் சார்' என்னும்.

"பேரு தெரியாது," என்றார் மெதுவாக. "ஆனா அவங்க எழுதுறது தெரியும்."

பையன் நிமிர்ந்தான்.

மூன்றாம் நம்பர் எல்லாப் பதிலையும் 'இது நியாயமா?' என்றுதான் முடிக்கும் என்றார் சார். பையன் சிரித்துவிட்டான். ஐந்து, விடைத்தாள் ஓரத்தில் பஸ் வரையும். பதிலைவிட பஸ் நன்றாக இருக்கும் என்பதால் அரை மார்க் கூடுதலாகப் போடுவார்.

"ஏழு, ஒரு மாசம் அரசுப் படகுல போயிட்டு வந்து, யாரு எங்க உக்காருறாங்கன்னு எழுதியிருக்கு. மீன்காரங்க எப்பவும் பின்னாடி. மழை வந்தா மட்டும் எல்லாரும் நடுவுல. அத நான் மூணு தடவ படிச்சேன். ஒம்பதப் பாத்து பத்து காப்பியடிக்கும். ஆனா ஒம்பது செஞ்ச தப்பெல்லாம் அதுல திருத்தியிருக்கும்."

"இதெல்லாம் அவங்ககிட்ட சொல்லியிருக்கீங்களா சார்?"

"சொல்லணும்னு நெனச்சுட்டுத்தான் போவேன். அங்க போனதும் வெக்கமாயிடும்."

பையன் காலி தம்ளரைத் தள்ளி வைத்தான். பிறகு அந்த எட்டுக் கட்டத் தாளை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"சரி சார். சமூகவியலே படிக்கிறேன்."

குரியச்சன் சாருக்குக் காசர்கோட்டு ரயில் தன்னை விட்டுவிட்டுப் போவது கண்ணில் தெரிந்தது. பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு படிவத்துக்காகக் கையை நீட்டினார். மணி மூன்று ஐம்பது. ஓடினால் ஆபீசில் கொடுத்துவிடலாம்.

பையன் படிவத்தை இரண்டாகக் கிழித்தான். பிறகு நான்காக.

"எடா, என்ன பண்ற? அது இல்லாம எப்படிடா இங்க சேருவ?"

பையன் துண்டுகளைப் பழம்பொரித் தட்டில் வைத்துவிட்டு எழுந்தான்.

"அது இங்கேருந்து போறதுக்கு வாங்கின ஃபாரம் சார். நான்தான் ஏழு."