அரைச் சுற்று

"நாலாவது தடவையாக்கும், அல்தாஃப்! புல்லி பின்னையும் ஆடறது. உன் ஒர்க்‌ஷாப்புல நின்னா ஆடாது, என் ஷெட்டுக்குப் போனா ஆடறது. நீ மெக்கானிக்கா, மந்திரவாதியா?"

வெங்கிடராமன் தன் பழைய அம்பாசடரை விட்டு இறங்குவதற்குள் பாதி மட்டாஞ்சேரிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. வந்த வேகத்தில் வாசலோரம் இருந்த எண்ணெய் டிரம்மையும் ஓர் இடி இடித்துவிட்டுத்தான் நிறுத்தியிருந்தார். அதற்கும் அல்தாஃபுக்குத்தான் வசவு.

"வழியில என்னத்துக்குடா டிரம்மை வெச்சிருக்காய்?"

டிரம் பத்து வருஷமாக அங்கேதான் இருக்கிறது.  வெங்கிடராமனோ கொச்சித் துறைமுக ஆபீஸில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், வயது எழுபத்தைந்து. அல்தாஃபால் எதிர்த்துப் பேச முடியவில்லை.

பேசாமல் இருக்கவும் முடியவில்லை. நேற்று எதிர்ச் சாயாக்கடையில், "என்ன அல்தாஃபே, சாமியோட புல்லி ஆட்டத்தை நிறுத்துச்சா?" என்று ஒருவன் கேட்க, பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். இருபது வருஷமாகச் சேர்த்த பேர். ஒரு புல்லியால் கப்பலேறிக்கொண்டிருந்தது.

பானெட்டைத் தூக்கினான். "சாமி, ஸ்டார்ட் ஆக்குங்க."

ஃபேனுக்குப் பின்னால் பெல்ட் மாட்டிய சக்கரமான புல்லி, கள்ளு குடித்தவன் தலை மாதிரி ஆடிக்கொண்டே சுற்றியது. டக், டக், டக்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! பேரிங் மாத்தியாச்சு. புல்லி மாத்தியாச்சு. ஷாஃப்டை லேத்துல கொடுத்துப் பாத்தாச்சு, நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கு. இனி நான் என்னதான் செய்யட்டும் சாமி?"

"அதை என்கிட்டக் கேக்கறயா? குருவாயூர் புறப்பட்டேன், ஆடித்து. திருச்சூர் கல்யாணத்துக்குப் புறப்பட்டேன், ஆடித்து. சோட்டானிக்கரைக்கும் அதே கதி. நாளைக்குக் காலம்பற பாலக்காட்டுக் கல்பாத்திக்குப் போயே ஆகணும். நூத்தம்பது கிலோமீட்டரும் நானே ஓட்டிண்டு வரேன்னு எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு!"

"ஒரு டாக்சி விளிச்சா போறும்னா கேக்கமாட்டார்" என்றாள், அவர் கூடவே வந்திருந்த மனைவி கமலாக்ஷி.

"நீ சும்மா டார்ச்சைப் பிடி!"

மாமி டார்ச்சைப் பிடித்தாள். இங்கே, அங்கே என்று அல்தாஃப் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

பெல்ட்டைக் கழற்றினான். ஃபேனை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினான். பேரிங் இரும்பாக நின்றது, புல்லி மட்டும் லொடலொடத்தது. குனிந்து அதன் நாலு போல்ட்டையும் பார்த்தான். போன தடவை, தன் மனைவி நிஸாவின் சிவப்பு நகப்பாலிஷைக் கொண்டுவந்து, கழன்றால் தெரியட்டும் என்று ஒவ்வொரு போல்ட்டுத் தலையிலிருந்தும் புல்லி வரைக்கும் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தான். இப்போது நாலு தலையிலும் இருந்த கோடு, புல்லியில் இருந்த கோட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம் போயிருந்தது.

அல்தாஃப் விருட்டென்று நிமிர்ந்தான்.

"சாமி! இது தானா கழன்றது இல்ல. தானா கழன்றா ஒண்ணு கூடுதல், ஒண்ணு குறைச்சலா இருக்கும். இது நாலும் ஒரே கணக்கு, அரைச் சுத்து. ஆரோ ஸ்பேனர் போட்டு இளக்கியிருக்காங்க. நான் வெறுதே வசவு வாங்கியிருக்கேன்!"

"என் ஷெட்டுக்குள்ள வந்தா? சாவி ஆத்துக்குள்ள ஆணியிலன்னா தொங்கறது! எவன்டா அவன்?"

"எவனா இருந்தா என்ன? இனி அவன் வாப்பா வந்தாலும் கழட்ட முடியாது. நாலையும் வெல்டு வெச்சு ஒட்டிடறேன். நீங்க கல்பாத்தி என்ன, காசிக்கே போங்க!"

"அதுதான்டா வேணும்!" வெங்கிடராமனின் முகம் மலர்ந்துவிட்டது. "நீ வெல்டு வை. நான் ஒரு சாயா குடிச்சுட்டு வரேன்."

போகிற வழியில் அதே டிரம்மில் முழங்காலை இடித்துக்கொண்டு, அதையும் வைதுகொண்டே போனார்.

அல்தாஃபுக்கு மனசு லேசாகிவிட்டது. வெல்டு வைத்த கையோடு சாயாக்கடைக்குப் போய், சிரித்தவன் ஒவ்வொருத்தனிடமும் சொல்லவேண்டும், தப்பு தன்மேல் இல்லை என்று. மறுபடி எஞ்சினுக்குள் தலையை நுழைத்தான். வெளிச்சம் பட்டென்று அணைந்தது.

"மாமி, டார்ச்சு..."

"வெல்டு வைக்காதே, அல்தாஃபே." எதிர்க்கடையைப் பார்த்துக்கொண்டே மாமி குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு கண்ணுலயும் பக்கவாட்டுல ஒண்ணுமே தெரியாது அவருக்கு. ஸ்டியரிங்கைத் தொடவே படாதுன்னு டாக்டர் சொல்லி மூணு மாசமாச்சு. யாருக்கும் தெரியப்படாதுன்னு என்கிட்ட சத்தியம் வேற வாங்கிண்டார். மொத்தமா கழட்டினா வழியில ஆபத்து, அதான் அரைச் சுத்து. நாப்பது வருஷமா இந்த வண்டிக்கு டார்ச் பிடிக்கறவளுக்கு, எந்த போல்ட்டு எங்கே இருக்குன்னு தெரியாதா?"

எதிர்க்கடையிலிருந்து வெங்கிடராமனின் குரல் வந்தது. "என்னடா, வெல்டு வெச்சாச்சா?"

அல்தாஃப் வாசலுக்கு வந்தான். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்ல சாமி!" என்றான், கடை முழுவதும் கேட்கும்படி. "நான் சொன்னது தப்பு, ஆரும் கழட்டல. எனக்குத்தான் ஒரு புல்லியை ஒழுங்கா மாட்டத் தெரியல. நாளைக்கு ஒரு டாக்சி விளிச்சுக்குங்க!"