அண்ணனும் வெளியே

பவர் எழுதிக் கொடுத்தால் வீடு கைவிட்டுப் போய்விடும் என்று பலரும் நம்புகிறார்கள். இது பெரும்பிழை. வீடு அங்கேயேதான் இருக்கும். எழுதிக் கொடுத்தவர்தான் தெருவுக்குப் போவார்.

ஓய்வு பெற்ற சர்வேயரும் இப்போது கக்கத்தில் தலையணையுடன் தெருவில்தான் நின்றுகொண்டிருந்தார்.

முழங்கால் ஆபரேஷனுக்குப் போகும்போது, "வீட்டு விஷயமெல்லாம் நீயே பாத்துக்கம்மா" என்று தங்கைக்குப் பவர் கொடுத்தவர் அவர். தங்கை ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸ். இன்று பூட்டு மாற்றுகிறவரோடு வந்து நிற்கிறாள்.

"ஏம்மா, நானுமா?"

"நீயுந்தான். எல்லாரும் காலி பண்ணணும்."

மகன் சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டே கத்தினான். "அத்தை, இது எங்கப்பா வீடு."

"பவர் என்கிட்ட இருக்கு. நோட்டீஸ் விட்டு ரெண்டு மாசமாச்சு. அந்தப் பெட்டியையும் எடு."

பெட்டி நிறைய வாட்டர் ஃபில்டர். மகனின் வியாபாரச் சரக்கு. அது அப்பாவின் அறையை நிரப்பியதிலிருந்து, ஊரார் நிலத்துக்கெல்லாம் எல்லை காட்டிய சர்வேயர், வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே படுத்துவந்தார். கேட்டால், "பாவம், அவனுக்கு இடம் பத்தலை" என்பார்.

"கூடப் பிறந்தவளே குழி பறிச்சா யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்றார் எதிர்வீட்டுக்காரர், எல்லோருக்கும் கேட்கும்படி.

மகன் வேனில் ஏறினான்.

"அப்பாவைக் கூட்டிட்டுப் போகலையா?" என்றாள் அத்தை.

"மாமியார் வீட்டுல எங்களுக்கே நெருக்கடி. வெளிய தள்ளினது நீங்க. நீங்களே வச்சுக்குங்க."

வேன் தெருமுனை திரும்பி மறைந்தது. அவள் புதுச் சாவியை அண்ணன் கையில் வைத்தாள்.

"உள்ள போண்ணா. உன் ரூம் காலியா இருக்கு."

சர்வேயர் சாவியைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"உள்ள விடறவ எதுக்கு என்னை வெளிய அனுப்பினே?"

"வார்டுல ஒரு விசிட்டர் தொல்லை பண்ணினா, அவரை மட்டும் போகச் சொல்ல மாட்டோம். பரிஞ்சு பேச யாராவது வந்துடுவாங்க. எல்லாரையும் அனுப்பிட்டு, வேண்டியவங்களை மட்டும் திரும்பக் கூப்பிடுவோம். உன் பிள்ளையை மட்டும் போகச் சொல்லியிருந்தா, பரிஞ்சு பேச முதல் ஆளா நீதானே வந்திருப்பே?"

அவர் தலையணையோடு உள்ளே போனார்.

அத்தை அப்பாவை நடுத்தெருவில் நிறுத்திய கதையை மகன் சொந்தபந்தம் முழுக்கப் பரப்பினான். நிஜமா என்று விசாரித்தவர்களிடம், "நிறுத்தினது நிஜம்தான்" என்றார் சர்வேயர். பிள்ளையைக் குறைசொல்ல வேண்டி வருமே என்று மேற்கொண்டு பேசவில்லை.

இப்போதெல்லாம் உறவில் எந்த விசேஷத்துக்கும் தங்கையை அழைப்பதில்லை. அண்ணன் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறார்.