நீலச் சாக்பீஸின் வர்ணனை

பில்லியர்ட்ஸ் மேசையின் விளிம்பில் இருந்த, ஆட்டக் கோலின் நுனியில் தேய்க்கும் நீலச் சாக்பீஸ், எல்லா ஆட்டத்துக்கும் நேர்முக வர்ணனை செய்யும். அதற்கு யாரும் கூலி கொடுத்ததில்லை.

"சிவப்புப் பந்து மெதுவா உருளுது... நூலிழையில தப்பிச்சிருச்சு" என்று சொல்லும். நடுநடுவே, "யாராவது கேக்கறீங்களா?" என்று விசாரிக்கும்.

குழிக்குள் விழுந்து கிடக்கும் பந்துகள், "கேக்கறோம் அக்கா" என்று கத்தும். அந்தச் சத்தம் மேலே எட்டாது. பதில் வராவிட்டாலும் சாக்பீஸ் அடுத்த அடியைச் சொல்ல ஆரம்பித்துவிடும்.

ஒருநாள் ஆட்டக்காரரின் முழங்கை பட்டு சாக்பீஸும் குழிக்குள் விழுந்தது. பந்துகள் நகர்ந்து இடம் கொடுத்தன.

"நான் பேசினதெல்லாம் இங்க கேட்டுச்சா?"

"நீங்க நிறுத்தினப்புறம்தான் அக்கா, இங்க இருட்டா இருக்குன்னே தெரியுது" என்றது மஞ்சள் பந்து.

மேலே டொக்கென்று பந்துகள் மோதும் சத்தம் கேட்டதும் சாக்பீஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டது.